நெட்பாலும் பாவசங்கீர்த்தனமும்

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் எடுத்த எடுப்பில் நம்பமாட்டார்கள். அப்பா வைக்கோல் வாங்கினால் கட்டைப் பிரித்து உள்ளே கைவிட்டுப் பார்த்த பிறகுதான் வண்டியில் ஏற்றச் சொல்வார். அம்மாவிடம் யாராவது கொஞ்சம் கூடுதலாகச் சிரித்துப் பேசிவிட்டால், அவர்கள் போனதும் வீட்டில் எல்லாம் இருக்கிறதா என்று ஒரு சுற்று பார்த்து வருவாள். அந்த ரத்தம்தான் எனக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வரப்போகிறதற்கு அது சமாதானம் ஆகாது என்றாலும்.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்து, விளாங்குடியிலிருந்து, மதுரையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் ஹைஸ்கூலுக்கு என்னை அனுப்பினார்கள். ஊரில் வேறு எந்த வீட்டிலும் அப்படி அனுப்பவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு இரண்டு பங்கு மதில் உண்டு, ஆண்பிள்ளை உள்ளே எட்டிப் பார்க்க முடியாது என்று என் மாமா சொன்னார். அப்பா அதையும் நம்பவில்லை. தானே போய் மதிலை வெளிப்பக்கமாக ஒரு முழுச் சுற்று நடந்து பார்த்துவிட்டு வந்துதான் சேர்த்தார்.

ஆண்பிள்ளை பயம் தீர்ந்ததும் அம்மாவுக்கு வேறு பயம் வந்தது. அங்கே பிள்ளைகளைச் சத்தமில்லாமல் கிறிஸ்தவ வேதத்தில் சேர்த்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தினமும் சாயங்காலம் கூண்டு வண்டியிலிருந்து நான் இறங்கியதும் முதல் வேலையாக என் நெற்றியைப் பார்ப்பாள். விளையாடி வேர்த்து, குங்குமம் பாதி வழிந்திருக்கும்.

"ஏத்தா, இங்க வா. பொட்டு எங்க போச்சு?"

"வேர்வையில அழிஞ்சு போச்சும்மா."

"அம்புட்டு வேர்வை வர்ற மாதிரி என்ன படிக்கிற? தலையில தண்ணி கிண்ணி ஊத்துனாங்களா?"

விளையாடினேன் என்று சொல்ல முடியாது. பன்னிரண்டு வயதுக்கு மேல் பெண்பிள்ளை ஓடுவதே எங்கள் ஊரில் பேச்சாகிவிடும். அதனால் பள்ளிக்கூடத்தில் தோட்ட வேலை சொல்லித் தருகிறார்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். அம்மா அதையும் நம்பவில்லை. ஆனால் பொய் என்று நிரூபிக்கவும் அவளுக்கு வழி தெரியவில்லை.

நாங்கள் விளையாடியது நெட்பால். மைதானத்தின் இரண்டு முனையிலும் ஒரு கம்பம், அதன் உச்சியில் இரும்பு வளையம், வளையத்தில் கயிற்று வலை. அதைத்தான் கூடை என்போம். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். பந்து கையில் வந்தால் அப்படியே நின்றுவிட வேண்டும், ஓடக்கூடாது. நின்ற இடத்திலிருந்து அடுத்தவளுக்கு எறிய வேண்டும். கூடையில் போட இரண்டு பேருக்குத்தான் உரிமை. எங்கள் பக்கம் ஒருத்தி எங்கள் காப்டன், இன்னொருத்தி நான். பாவாடையை ஏற்றிச் செருகிக்கொண்டு, தாவணியை இடுப்பில் இறுக்கி முடிந்துகொண்டு ஆடுவோம். யுத்தம் ஆரம்பித்திருந்த சமயம் அது. பந்துக்குள் வைக்கிற ரப்பர் பை புதிதாகக் கிடைக்காமல் ஒன்றையே திரும்பத் திரும்ப ஒட்டிப் பயன்படுத்தினோம். சில நாள் பாதி ஆட்டத்தில் பந்து உஸ்ஸென்று உட்கார்ந்துவிடும்.

சொல்லித் தந்தவர் ஐயர்லாந்திலிருந்து வந்த ஒரு சிஸ்டர். தமிழ் அவருக்கு அரைகுறை. அதனால் பேசுவதைக் குறைத்துக்கொண்டு, தரையில் கூழாங்கற்களை வைத்து, இந்தக் கல் இங்கே நகர வேண்டும், அந்தக் கல் அங்கே போக வேண்டும் என்று காட்டுவார். அப்படி ஐந்து ஆட்டங்கள் கற்றுத் தந்தார். பந்து எங்கே தொடங்கி, யார் கை மாறி, எந்தப் பக்கமாகக் கூடைக்குப் போக வேண்டும் என்பதற்கு ஐந்து வழிகள். எங்கள் காப்டன் அந்த ஐந்துக்கும் பூப்பெயர் வைத்தாள்: மல்லி, அரளி, செவ்வந்தி, தாழம்பூ, மருக்கொழுந்து. அவள் "அரளி!" என்று கத்தினால் ஆறு பேரும் எங்கே ஓட வேண்டும் என்று தெரிந்துகொள்வோம்.

காப்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை. கைக்குழந்தையாக அந்த மடத்து அநாதை விடுதிக்கு வந்தவள். மதிலுக்கு வெளியே அவளுக்கென்று ஒரு வீடு கிடையாது. அந்த வருஷம் நாங்கள் இருவரும் ஆறாவது ஃபாரம், அதாவது பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு. அது முடிந்ததும் விடுதிப் பெண்களுக்கு இரண்டே வழி. மடத்தார் கடிதம் எழுதி எங்கோ ஒரு மாப்பிள்ளை தேடிக் கட்டி வைப்பார்கள். இல்லையென்றால் விடுதியின் பின்கட்டில் இருந்த லேஸ் அறையில் உட்கார்ந்து, கண் இருக்கும்வரை லேஸ் பின்ன வேண்டும்.

மூன்றாவதாக ஒரு வழி வந்தது அந்த வருஷம்தான். பெண்பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லித் தர மடத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. சென்னையில் அதற்கு ஒரு பயிற்சி இருந்தது. மடத்துச் செலவிலேயே ஒரே ஒரு பெண்ணை அனுப்புவதாக இருந்தார்கள். தலைமை மடத்திலிருந்து பெரிய மதர் மாசி மாதம் வருவார், கடைசி ஆட்டத்தைப் பார்ப்பார், பார்த்து ஒருத்தியைத் தேர்ந்தெடுப்பார் என்று சிஸ்டர் சொன்னார்.

"எனக்கு இது ஒண்ணுதான்டி இருக்கு" என்றாள் காப்டன், கை கழுவும் தொட்டியடியில். "நீ வீட்டுக்குப் போயிருவ. உனக்கு வயலு இருக்கு, அப்பா இருக்காரு. இதுல போகலைன்னா நான் லேஸ் ரூம்புதான். அந்த ரூம்புல இருக்குறவங்க எல்லாரும் எப்படிக் குனிஞ்சு நடக்குறாங்கன்னு பாத்திருக்கியா?"

பார்த்திருக்கிறேன். நாற்பது வயதில் முதுகு வளைந்து போனவர்கள். "உனக்குத்தான்டி கிடைக்கும். நான் பந்தை உன் கையில கொண்டாந்து குடுக்கிறேன், நீ போட்டுக்கிட்டே இரு" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அப்போது எனக்கு அவள் மேல் ஒரு சந்தேகமும் இல்லை.

எங்களோடு ஆட வருவது அதே கன்னியாஸ்திரிகள் சபையைச் சேர்ந்த இன்னொரு பள்ளிக்கூடம். ரயிலில் இரண்டு மணி நேரம் போகிற ஊர். அங்கே மைதானம் மேடும் பள்ளமுமாக இருந்ததால் ஒவ்வொரு முறையும் அவர்களே எங்கள் ஊருக்கு வந்தார்கள். தீபாவளிக்கு முன்னால் முதல் ஆட்டம். காப்டன் "மல்லி!" என்றாள். நான் இடப்பக்கம் ஓடினேன். ஓடிச் சேர்வதற்குள் அவர்கள் பக்கத்து நெட்டைப் பெண் ஒருத்தி, நான் எங்கே வரப்போகிறேனோ அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். "தாழம்பூ!" என்றாள் காப்டன். அங்கேயும் ஒருத்தி. என்ன ஆட்டம் தொடங்கினாலும் பந்து போய்ச் சேருகிற இடத்தில் முன்கூட்டியே ஆள் இருந்தது. தோற்றோம். மோசமாகத் தோற்றோம்.

கூப்பிடுகிற பெயரைக் காதால் கேட்டுப் பழகிவிட்டார்கள் என்று நினைத்தோம். பூக்களை எடுத்துவிட்டுக் காய்கறிப் பெயர் வைத்தோம். தை மாதம் இரண்டாவது ஆட்டத்தில் காப்டன் "கத்திரி! வெண்டை!" என்று கத்தினாள். உள்ளூர் சிஸ்டர்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த நெட்டைப் பெண் சிரிக்கவில்லை. வெண்டைக்கு எங்கே நிற்க வேண்டுமோ அங்கே போய் நின்றாள்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்: யாரோ சொல்லித் தருகிறார்கள். எங்கள் ஏழு பேருக்கும் சிஸ்டருக்கும் தவிர அந்த ஐந்து ஆட்டங்கள் வேறு யாருக்கும் தெரியாது. கூழாங்கல்லைக்கூட ஆட்டம் முடிந்ததும் கலைத்துவிடுவோம். அப்படியானால் ஏழு பேரில் ஒருத்தி.

அதிலிருந்து எனக்குப் படிப்பு ஓடவில்லை. ஒவ்வொருத்தியையும் கவனிக்க ஆரம்பித்தேன். யார் யாரோடு கிசுகிசுக்கிறாள், யார் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறாள் என்பதே வேலையாகப் போயிற்று. ஏழு பேரில் என்னைத் தவிர மற்ற ஆறு பேரும் விடுதியில் இருந்தவர்கள், வேதக்காரப் பெண்கள். அவர்கள் மதிலைத் தாண்டுவதில்லை. அவர்கள் எழுதும் கடிதங்களை விடுதி மதர் பிரித்துப் படித்துத்தான் தபாலில் சேர்ப்பார். வெளியே போய் வருகிறவள் நான் ஒருத்திதான். அதனால் வெளியாள் கண்ணோடு அவர்களை நிதானமாகக் கவனிக்க முடிகிறது என்று எனக்கு ஒரு பெருமை வேறு.

அப்படிக் கவனித்ததில் பிடிபட்டதுதான் சனிக்கிழமை.

சனிக்கிழமை மத்தியானம் ஆட்டப் பழக்கம் முடிந்ததும் விடுதிப் பெண்கள் முகம் கழுவி, முக்காடு போட்டுக்கொண்டு மதிலுக்குள்ளேயே இருந்த மாதா கோயிலுக்குப் போவார்கள். கோயிலின் பக்கவாட்டில் மரத்தால் செய்த ஒரு கூண்டு. உள்ளே வெள்ளைக்காரச் சாமியார் உட்கார்ந்திருப்பார். சின்னத் துளைகள் போட்ட பலகைக்கு இந்தப் பக்கம் ஒவ்வொருத்தியாக முழங்கால் போட்டு, வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பாள். என்னடி செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, பாவசங்கீர்த்தனம், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லுவோம் என்றார்கள்.

"எல்லாத்தையுமா?"

"மனசுல ஒண்ணு வச்சுக்கிட்டுச் சொல்லாம வந்தா அதுவே தனிப் பாவம்" என்றாள் எங்கள் பக்கத்தில் ஆடிய குட்டைப் பெண்.

எனக்குச் சுரீரென்றது. மனதில் இருப்பது எல்லாவற்றையும்! அப்புறம் பார்த்தேன், மற்றவர்கள் உள்ளே போனால் போன சுவடு தெரியாமல் வெளியே வந்தார்கள். எங்கள் காப்டன் மட்டும் போனால் போனதுதான். எங்கள் வண்டிக்காரர் வாசலில் மாட்டைப் பூட்டிக்கொண்டு மூன்று தடவை குரல் கொடுத்து முடிக்கும்வரை அவள் உள்ளேதான் இருப்பாள். வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும். என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்வாள். அவ்வளவு பாவம் செய்ய மதிலுக்குள் அவளுக்கு வசதி ஏது?

இன்னொன்றும் கேட்டு அறிந்தேன். அந்தச் சாமியார் சனிக்கிழமை சாயங்காலம் ரயிலேறிப் போவார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை வைக்க அவர் போகிற இடம் அந்த இன்னொரு பள்ளிக்கூடம்!

எனக்கு எல்லாம் விளங்கிப் போயிற்று. பாவம் அவளும் என்ன செய்வாள், மனதில் இருப்பதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று விதி, மனதில் இருப்பது முழுக்க நெட்பால், சொல்லிவிடுகிறாள். சாமியார் அதைக் கேட்டுக்கொண்டு போய் அங்கே கொடுக்கிறார். முதலில் அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, சாமியார் மேல்தான் வந்தது. ஆனால் வாரம் ஏறஏற அவள் மேலும் வந்தது. என்னைக் கண்டு தலை குனிகிறாளே, செய்வது தப்பு என்று தெரிந்துதானே குனிகிறாள்? தெரிந்தும் ஏன் நிறுத்தவில்லை? சென்னைக்குப் போக வேண்டும் என்று என்னிடம் அழுததெல்லாம் நிஜமா? ஒரு வேளை அங்கே வேறு ஏதாவது ஏற்பாடு பேசியிருக்கிறாளா? இப்படிப் போயிற்று என் புத்தி. அவளிடம் நேராக ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எங்கள் வீட்டில் நேராகக் கேட்கும் பழக்கம் இல்லை.

அப்பா வைக்கோல் கட்டுக்குள் கைவிட்டுப் பார்ப்பது போல நானும் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். கடைசி ஆட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை, தாவணியால் தலையை இழுத்து மூடிக்கொண்டு, பொட்டை எச்சில் தொட்டு அழித்துவிட்டு, விடுதிப் பெண்களின் வரிசைக்குக் கடைசியில் போய் நின்றேன். அவர்கள் எல்லாம் சொல்லி முடித்துப் போய் முன்பெஞ்சில் முழங்காலிட்டார்கள். நான் கூண்டண்டை போய் முழங்கால் போட்டேன். உள்ளே மூக்குப்பொடி வாசனை. பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் தாடி அசைந்தது.

இதற்கு முதலில் ஒரு ஜெபம் உண்டு என்று எனக்குத் தெரியாது. "சாமி" என்று நேரடியாக ஆரம்பித்தேன். "அடுத்த ஆட்டத்துல நாங்க எல்லாப் பந்தையும் வலப்பக்கமாத்தான் கொண்டு போகப் போறோம். எங்க காப்டன் வலப்பக்கம் நிப்பா. அவதான் போடுவா."

தாடி பலகையை ஒட்டி வந்தது. பிறகு அவருடைய பழைய தமிழில் மெல்லக் கேட்டார்: "மகளே, நீ ஞானஸ்நானம் பெற்றவளா?"

என்ன சொல்வதென்று தெரியாமல், "விளாங்குடி, சாமி" என்றேன்.

தாடி ஆடியது. இருமினாரா சிரித்தாரா தெரியவில்லை. திருட்டுச் சிரிப்பு என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது. "பந்து விளையாடுவது பாவமன்று, மகளே. சமாதானமாய்ப் போ" என்றார். எழுந்து ஓடிவந்துவிட்டேன். வண்டியில் பெட்டிக்குள் வைத்திருந்த குங்குமத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு அம்மா என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு மட்டும் எப்படி இம்புட்டு அழகா இருக்கு பொட்டு?" என்று அதற்கும் சந்தேகப்பட்டாள்.

என் கணக்கு இதுதான். மறுவாரம் அவர்கள் வலப்பக்கம் ஆள் நிறுத்தினால் சாமியார்தான் திருடர் என்பது ருசுவாகிவிடும். ருசுவானால் காப்டனுக்குத் தெரிந்த எந்த ஆட்டத்தையும் ஆடக்கூடாது. அவள் கைக்குப் பந்தே போகக்கூடாது. இதை அவளிடம் சொல்லவும் கூடாது, சொன்னால் அதுவும் கூண்டுக்குள் போய்விடும்.

ஆட்டத்தன்று பெரிய மதர் வந்தார். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். குள்ளமான அம்மாள்; மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு கவனமாகப் பார்த்தார். காப்டன் காலையிலிருந்து சாப்பிடவில்லை. மைதானத்தில் இறங்கும்போது என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். கை ஜில்லென்று இருந்தது.

விசில் ஊதியது. நான் பந்தைப் பார்க்கவில்லை, அவர்களுடைய ஆட்களைப் பார்த்தேன். நெட்டைப் பெண்ணும் இன்னொருத்தியும் நேராக வலப்பக்கம் போனார்கள். காப்டனுக்கு முன்னால் ஒருத்தியும் பின்னால் ஒருத்தியுமாக இரண்டு பேரும் நின்றுகொண்டார்கள்.

ருசுவாகிவிட்டது! எனக்குக் கோபத்தை மீறி ஒரு சந்தோஷம் வந்தது, கண்டுபிடித்துவிட்டேன் என்று. அதை இப்போது எழுதவே கூசுகிறது.

அப்புறம் ஆட்டம் முழுக்க நான் காப்டனுக்குப் பந்து எறியவில்லை. அவள் "கத்திரி!" என்று கத்துவாள், நான் காது கேட்காதவள் போல இடப்பக்கம் நின்றபடியே கூடையில் போடுவேன். இரண்டு பேர் அவளைக் காவல் காத்ததால் என்னைத் தடுக்க ஆள் இல்லை. விழுந்துகொண்டே இருந்தது. இரண்டு முறை காவல்காரிகளை ஏய்த்துவிட்டு, கூடைக்கு நேர் கீழே, தன்னந்தனியாக நின்று அவள் இரண்டு கையையும் நீட்டினாள். அந்த இரண்டு முறையும் நான் திரும்பிப் பின்னால் இருந்தவளுக்கு எறிந்தேன். இரண்டாவது முறை அவள் நீட்டிய கையை உடனே இறக்கவில்லை. அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெரிய மதரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றுக்கு எட்டு என்று ஜெயித்தோம். பதினொன்றில் ஒன்பது நான் போட்டது. காப்டன் போட்டது இரண்டு. எல்லாரும் என்னைச் சுற்றி நின்று குதித்தார்கள். எங்கள் சிஸ்டர் என் கன்னத்தைத் தட்டினார்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு பக்கத்தாருக்கும் எலுமிச்சைச் சாறும் பன்னும் தந்தார்கள். அந்த நெட்டைப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தோற்றவள் மாதிரியே இல்லை, கலகலப்பாகப் பேசினாள்.

"இன்னிக்கு ஏன் மூணாம் படத்த விளையாடவே இல்ல? நாங்க அதுக்குத்தான் வலப்பக்கம் ரெண்டு பேரா நின்னோம்."

"எந்தப் படம்?"

"புஸ்தகத்துல இருக்குற படந்தான். அஞ்சு படம் இருக்குமே. உங்க சிஸ்டர்கிட்டயும் அதே புஸ்தகந்தான்னு எங்க சிஸ்டர் சொன்னாங்க. ரெண்டு பேரும் ஒண்ணா ஒரே கப்பல்ல கொண்டு வந்ததாம். உங்களுக்கு அதுல மூணாம் படம்தானே ரொம்பப் பிடிக்கும், ரெண்டு ஆட்டத்துலயும் அதைத்தானே நெறைய ஆடுனீங்க?"

அவர்கள் சிஸ்டர் தம் பையிலிருந்து நீல அட்டை போட்ட சின்னப் புத்தகம் ஒன்றை எடுத்துக் காட்டினார். வட்டங்களும் அம்புக்குறிகளுமாக ஐந்து படங்கள். மல்லி, அரளி, செவ்வந்தி, தாழம்பூ, மருக்கொழுந்து. எல்லாம் அச்சில் இருந்தது. எங்கள் சிஸ்டர் அதைப் பார்த்துத்தான் கூழாங்கல் வைத்திருக்கிறார். யாரும் யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

கையிலிருந்த பன்னை அப்படியே வைத்துவிட்டேன். எழுந்து காப்டனைத் தேடினேன். அதற்குள் சிஸ்டர் வந்து, பெரிய மதர் கூப்பிடுகிறார் என்று என்னை வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போனார். மதர் என்னை ஏற இறங்கப் பார்த்து ஏதோ சொன்னார். சிஸ்டர் முகமெல்லாம் சிரிப்பாக அதைத் தமிழில் சொன்னார்: "மதருக்கு உன் ஆட்டம் மிகவும் பிடித்தது. உன்னைச் சென்னைக்கு அனுப்பலாமா என்று கேட்கிறார்."

பத்தடி தள்ளிக் காப்டன் நின்றுகொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கும்.

நான் தோட்ட வேலை கற்கிறேன் என்று நம்பாமல் நம்பிக்கொண்டிருக்கிற அப்பா, என்னைச் சென்னைக்கு ஓடியாட அனுப்புவாரா? அது நடக்காது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். என்னை வேண்டாம், இவளை அனுப்புங்கள், நான்தான் வேண்டுமென்று இவளுக்குப் பந்து தரவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். கூண்டுக்குள் நான் போனது வெளியே வரும். அது ஒரு பக்கம் இருக்க, அத்தனை பேர் நடுவில் ஒரு பெரிய மனுஷி என்னைத் தேர்ந்தெடுத்து நிற்கிறார். எனக்கு அது இனித்தது. இன்னும் கொஞ்ச நேரம் இனிக்கட்டும் என்று இருந்தது. "அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

அப்பாவை நான் கேட்கவே இல்லை. ஐந்து நாள் அப்படியே திரிந்தேன். காப்டன் என்னோடு பேசவில்லை, நானும் அவள் பக்கம் போகவில்லை. ஆறாம் நாள் மனது தாங்காமல் சிஸ்டரிடம் போய், அப்பா சம்மதிக்கவில்லை, எனக்குப் பதிலாக நம் காப்டனை அனுப்புங்கள், அவள் என்னைவிட நன்றாக ஆடுவாள் என்றேன்.

சிஸ்டர் மேஜை மேல் இருந்த ஒரு கடிதத்தைத் தொட்டுக் காட்டினார். மதர் திரும்பிப் போகிற வழியில் அந்த இன்னொரு பள்ளிக்கூடத்து மடத்தில் தங்கியிருக்கிறார். எங்களிடமிருந்து பதில் வரவில்லை என்றதும் அங்கே அந்த நெட்டைப் பெண்ணைப் பேசி முடித்துவிட்டார். ஒரே ஒரு இடம்தான். அது போய்விட்டது.

பங்குனியில் பரீட்சை முடிந்தது. கடைசி நாள் சான்றிதழ் சம்பந்தமாகக் கையெழுத்துப் போட வந்தவள், வண்டிக்காரரை நிற்கச் சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். லேஸ் அறையில் காப்டனை ஏற்கெனவே உட்கார வைத்துவிட்டார்கள். மடியில் உருளைத் திண்டு, அதன் மேல் வரிசையாகக் குத்திய குண்டூசிகள், நூல் சுற்றிய குச்சிகள் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தன. பழகாத கை, குச்சிகள் சிக்கிக்கொண்டிருந்தன. பந்தை ஒற்றைக் கையால் பிடிக்கிற பெரிய கை அவளுக்கு.

நிமிர்ந்து பார்த்தாள். "நீயா? வா. ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. அன்னிக்கு ஏன்டி எனக்குப் பந்து தரல?"

சொன்னேன். ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமை, கூண்டு, சாமியார், ரயில், நீல அட்டைப் புத்தகம். "விளாங்குடி, சாமி" என்று நான் சொன்னதைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திண்டைப் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். மூலையில் இருந்த கிழவிகள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, இவள் மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்புட்டு நேரம் உள்ள நான் என்ன சொன்னேன்னு உனக்குத் தெரியணுமா?" என்றாள்.

"வேண்டாம்டி. அது உன் சாமி சமாச்சாரம்."

"இல்ல, கேட்டுக்க. உன்னைப் பத்தித்தான் சொன்னேன். நாங்க ஆறு பேரும் மதிலைத் தாண்டல. தினம் வெளிய போய் வாரவ நீ ஒருத்தி. நீதான் யாருகிட்டயோ சொல்றேன்னு முத ஆட்டத்துலயே நெனச்சுட்டேன். ஆதாரம் ஒண்ணும் கிடையாது. உன் மூஞ்சியப் பாத்தா அப்படி நெனைக்கிறது பாவமா இருக்கும். பாக்காட்டி மறுபடி நெனப்பு வரும். வாரா வாரம் அதத்தான் சாமியார்கிட்ட சொல்லி அழுதேன்."

ஒரு குண்டூசியைப் பிடுங்கி மறுபடி குத்திவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"எப்பவும் ஜெபம் சொல்லச் சொல்லித்தான் அபராதம் போடுவாரு. கடைசிச் சனிக்கிழமை அதெல்லாம் வேண்டாம்னுட்டாரு. அடுத்த ஆட்டத்துல உன் கைக்கு வர்ற பந்தை முடிஞ்ச மட்டும் அந்தப் பிள்ளைக்கே குடு, நம்பிக் குடு, அதான் உனக்கு அபராதம்னாரு."

அவள் குனிந்து சிக்கியிருந்த குச்சிகளைப் பிரிக்க ஆரம்பித்தாள். வாசலில் வண்டிக்காரர் குரல் கொடுத்தார். நான் அங்கேயே நின்று அந்த ஆட்டத்தை ஒவ்வொரு பந்தாக நினைத்துப் பார்த்தேன். நான் போட்ட ஒன்பதில் ஏழு அவள் கையிலிருந்து எனக்கு வந்தது. அவள் போட்ட இரண்டும் மற்றவர்கள் தந்தது, என் கையிலிருந்து அவளுக்கு ஒன்றுகூடப் போகவில்லை.